எல்லோருக்கும் போன நாலு வரி

இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தரச்சோதனைப் பிரிவில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. வேலை செய்பவர்கள் தங்களுக்குள் எழுதிப் பகிர்ந்துகொள்ள ஒரு வலைப்பக்கம் திறந்திருந்தார்கள். எழுதி முடித்ததும் அடியில் ஒரு சின்னக் கட்டம் வரும். யார் பார்க்கலாம்? உன் பிரிவு மட்டுமா, நீ தேர்ந்தெடுக்கும் சிலரா, எல்லோருமா? பிறந்தநாள் வாழ்த்து போடுகிறவர்கள் அந்தக் கட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான்.

ஒரு மத்தியானம், சொல்யூஷன் பசை தடவி ஷூ ஒட்டும் மேசையில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். பசை வாடையை வெளியே இழுக்க வேண்டிய ஃபேன் பத்து நாளாக ஓடவில்லை. தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்தவள், "ஒண்ணுமில்லக்கா, காலைல சாப்டல" என்றாள். காலையில் கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து பொங்கல் தின்றவள் அவள்.

எனக்குக் கோபம். இடத்துக்கு வந்து, ஃபேன் பத்து நாளாக ஓடவில்லை, ஒட்டும் மேசையில் ஒரு பெண் விழுந்துவிட்டாள் என்று நாலு வரி எழுதினேன். பெயர் போடவில்லை. நாட்றம்பள்ளியிலிருந்து வரும் பெண் என்று மட்டும் போட்டேன். எங்கள் பிரிவு மட்டும் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன். அனுப்பிய பிறகே கவனித்தேன். கட்டத்தில் 'எல்லோரும்' என்று இருந்தது. எல்லோரும் என்றால் ராணிப்பேட்டை யூனிட், சென்னை அலுவலகம், முதலாளி. வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது? அழித்துவிடலாமென்று போனால், ஏற்கெனவே பதினொரு பேர் பார்த்திருந்தார்கள். அப்படியே விட்டேன்.

மறுநாள் காலை ஃபேன் ஓடியது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "தைரியமா எழுதியிருக்கியேம்மா" என்றார். அன்று முழுக்க எனக்குத் தலை நிமிர்ந்தே இருந்தது.

நாலாம் நாள் அவள் என் மேசைக்கு வந்தாள். அழுதிருந்த முகம்.

"இன்னாக்கா எழுதுன? என்னப் பாத்துட்டுப் போனாங்களே, அந்த மாப்ள வீட்ல, பொண்ணுக்கு வலிப்பான்னு கேக்கறாங்க."

"உம் பேரே போடலியே."

"நாட்றம்பள்ளிலேர்ந்து ஒட்ற செக்‌ஷனுக்கு வர்றது நான் ஒருத்திதான? மாப்ளயோட மாமா ராணிப்பேட்டை யூனிட்ல கீறாரு. அவருதான் படிச்சிட்டுச் சொல்லியிருக்காரு."

வலிப்பு இல்லை, பசை வாடைதான் காரணம் என்று மறுபடி எழுதினால், தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும். அந்த மாமாவுக்கு மட்டும் அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"அவருக்கு மட்டுந்தான் போவும்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமாக்கா?"

தெரியாது. அந்தக் கட்டத்தில் அவர் ஒருவர் பெயரை மட்டும் தேர்ந்தெடுத்து, சரிபார்த்து, மறுபடி சரிபார்த்து, கடைசியில் அனுப்பாமலே மூடினேன்.

அவளிடம் சொல்லிவிட்டு, லீவு போட்டு, வேலூரில் பஸ் மாறி ராணிப்பேட்டை போனேன். அந்த மாமா யூனிட் கேட்டுக்கு வெளியே வரும்வரை ஒன்றரை மணி நேரம் நின்றேன். என்ன சொல்வது என்று மனசுக்குள் பத்துத் தடவை மாற்றியிருப்பேன். ஃபேன் ஓடாததை, அவளுக்கு எந்த நோயும் இல்லாததை, நான் அவளைக் கேட்காமல் எழுதியதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றது சரிதாம்மா. ஆனா பெரியவங்க, வலிப்பு இல்லன்னு டாக்டர் சீட்டு ஒண்ணு இருந்தா நல்லதுன்றாங்க."

அதை அவளிடம் சொல்ல இரண்டு நாள் தயங்கினேன். கேட்டதும் அவள் அழவில்லை.

"சீட்டு கேக்கற வூட்டுக்கு நான் போவல. நீ இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுனு கீற?"

அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. ஒன்றரை வருடம் கழித்து அவளுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் கல்யாணமானது. பத்திரிகை வைத்தாள், போனேன். என்னை மேடைக்கு இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டாள். அந்தப் படத்தின் ஒரு பிரதியை எனக்கும் அனுப்பியிருந்தாள். பக்கத்து மேசைப் பெண் பார்க்கக் கேட்டபோதுகூட, அனுப்பியவளைக் கேட்ட பிறகே காட்டினேன்.