மேல்வீட்டு அக்காவின் பிரிக்காத கடிதம்

ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு சார்ட் செய்யச் சொல்லியிருந்தார்கள். தபால்தலைகளும் கடிதம் எழுதும் முறையும். பிள்ளைகளே கைப்பட எழுத வேண்டும் என்று டீச்சர் வாட்ஸ்அப்பில் இரண்டு முறை போட்டிருந்தார். இருந்தும் நானே எழுத உட்கார்ந்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற கர்வம் எனக்கு உண்டு. மகளுக்கு ஓரத்தில் பூ வரையும் வேலையைக் கொடுத்தேன்.

தபால்தலைக்குத்தான் வழியில்லை. எங்கள் வீட்டுக்கு வருவதெல்லாம் பாங்க் தபால். அதில் அச்சடித்த முத்திரைதான் இருக்கும். ராயபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடியில் ஒரு அக்கா தனியாக இருக்கிறார். அவருடைய தம்பி கப்பலில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் துறைமுகம் துறைமுகமாகக் கடிதம் போடுவாராம். கேட்டதும் ஒரு துணிப்பையையே கொண்டுவந்து கொடுத்தார்.

"ஸ்டாம்ப மட்டும் எட்த்துக்கோ கண்ணு. லெட்டருங்கள அப்டியே குட்த்துடு. சாயங்காலம் மாதா கோயிலு போய்ட்டு வந்து வாங்கிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம். இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஆவியில் உறைகளைக் காட்டித் தபால்தலைகளை உரித்துக்கொண்டிருந்தோம். நடுவே ஓர் உறை ஒட்டியபடியே இருந்தது. அக்காவே தன் தங்கைக்கு, பம்பாய் விலாசத்துக்கு எழுதியது. பெறுநர் அங்கே இல்லை என்று பென்சிலால் கிறுக்கித் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"இத்த யாருமே பிரிக்கலியேம்மா," என்றாள் மகள்.

ஆவியில் அதன் வாய் தானாகத் திறந்துகொண்டது என்று சொல்லத்தான் ஆசை. பாதிதான் திறந்தது. மீதியை நான் திறந்தேன்.

ஒரு பக்கக் கடிதம். 'அம்மா சாகும்போது உன்னைத்தான் கேட்டாங்க. நீ வேற மதத்துல கட்டிக்கினு போனதால உனக்குச் சொல்லக் கூடாதுன்னு எல்லாரையும் தடுத்தது நான்தான். அண்ணன் இல்ல, சித்தப்பா இல்ல, நான்தான்.' அதற்குக் கீழே மன்னிப்பு கேட்டு நாலைந்து வரிகள். நின்றபடியே இரண்டு முறை படித்தேன். பிறகு மடித்து உள்ளே வைத்துப் பசை தடவி ஒட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு சார்ட்டில் அடுத்த வரியை எழுதினேன்: 'பிறருடைய கடிதத்தைப் பிரித்துப் படிக்கக் கூடாது.' எழுதும்போது உறுத்தியதா என்றால், இல்லை. எழுத்து கோணாமல் வர வேண்டுமே என்றுதான் கவலைப்பட்டேன்.

சாயங்காலம் அக்கா வந்து, சார்ட்டை ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தார். அந்த வரி வந்ததும் என் மகள் சிரித்துவிட்டாள். கோள் சொல்லும் எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை.

"அம்மா மட்டும் உங்க லெட்டர படிச்சிச்சே ஆண்ட்டி!"

"இன்னாடி பொய் சொல்ற?" என்று கத்தி, அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். "நம்பாதீங்கக்கா. எப்பப் பாத்தாலும் இப்டித்தான் எதுனா உளறிக்கினு இருப்பா."

அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள். அக்கா பைக்குள் கை விட்டு அந்த உறையை எடுத்தார். அதன் வாயைக் கட்டை விரலால் ஒரு முறை தடவினார். பையோடு படியேறிப் போய்விட்டார்.

சார்ட்டைப் பள்ளியில் வராண்டாச் சுவரில் மாட்டினார்கள். டீச்சர் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார். மற்ற அம்மாக்கள் கைதட்டும் படங்களை அனுப்பினார்கள். நானும் நன்றி என்று பதில் போட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் தலை பின்னிவிடும்போது மகள் கேட்டாள்: "நான் பொய் சொன்னேனாம்மா?"

ரிப்பனைக் கட்டி அனுப்பிவிட்டேன். அன்று பகல் முழுவதும், வண்ணாரப்பேட்டையில் நான் பில் போடும் ஜவுளிக் கடையில், மாற்றி மாற்றித் தப்பாகவே போட்டேன்.

சாயங்காலம் மாடிக்குப் போனேன். அக்கா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அக்கா, நான் படிச்சேன்."

"அன்னிக்கே தெரியும். பசை ஈரமா இருந்திச்சி." தலை நிமிரவில்லை. இன்னொரு மீனின் தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "படிச்சத வுடு. நானே ஒருத்தருக்கும் சொல்லாத சேதி, உனுக்குத் தெரிஞ்சி போச்சி, போவட்டும். அதுக்குன்னு பச்சப்புள்ளய பொய்க்காரியாக்கி அட்ச்ச பாரு, அத்தத்தான் என்னால தாங்க முடியல."

தங்கை எங்கே இருக்கிறாள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்க எனக்கு என்ன உரிமை? இறங்கி வந்துவிட்டேன்.

மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "நீ பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்."

"தெரியும்," என்றாள்.

அக்கா இப்போது என்னோடு பேசுகிறார். தண்ணி வந்துச்சா, கரண்ட் போச்சா என்ற அளவுக்கு. மகளை மட்டும் மேலே கூப்பிட்டு மீன் வறுத்துக் கொடுக்கிறார். மகள் தன் நோட்டில் ஏதாவது எழுதும்போது நான் அந்தப் பக்கம் போனால், கையால் மூடிக்கொள்கிறாள். என்ன எழுதுகிறாய் என்று நான் கேட்பதில்லை.