பந்திடம் கேட்ட மன்னிப்பு

நான் வலது கையைத் தூக்கினால் இங்கே ஆயிரம் பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். பீர் டம்ளரை உதட்டருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திக்கொள்கிறார். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கப் போன குழந்தையின் கையைத் தாய் பிடித்துக்கொள்கிறாள். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் பெண்ணாடம் பஸ்ஸை நிறுத்த நான் இதே கையை எத்தனை முறை ஆட்டியிருப்பேன். ஒரு டிரைவரும் மதித்ததில்லை. இங்கே என் சட்டையில் ‘மார்ஷல்’ என்று எழுதியிருக்கிறது. கோல்ஃப் போட்டி நடக்கும் நாட்களில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் தன்னார்வலர்களுக்கு அதுதான் பெயர். பீங்கான் தொழில்நுட்பம் படித்துவிட்டு ஸ்காட்லாந்தில் ஒரு டைல்ஸ் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் ஓடுகளை உடைத்துப் பார்க்கிறவள் நான். எங்கள் ஊர்க் கடற்கரையில் உலகின் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் வருகிறார்கள் என்றதும், லீவு போட்டுவிட்டுப் பேர் கொடுத்தேன். ‘எங்கள் ஊர்’ என்று கை தானாக எழுதிவிட்டது. இருக்கட்டும்.

இந்த மைதானத்தை ‘லிங்க்ஸ்’ என்கிறார்கள். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் உழவுக்கு ஆகாமல் கிடந்த மணல்மேடு. மரம் கிடையாது. அலை அலையாக மேடும் பள்ளமும், அதன்மேல் குட்டையான புல், ஓரத்தில் முழங்கால் உயரக் காய்ந்த கோரை போல ஒரு புல், எந்நேரமும் காது அடைக்கும் காற்று. அந்தக் காற்றைக் கணக்கில் வைத்துக் கடல் பக்கம் பார்த்துப் பந்தை அடிக்கிறார்கள். பந்து வானத்தில் வளைந்து திரும்பி, கொடி நட்ட குழிக்குப் பக்கத்தில் வந்து விழுகிறது. முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இடைவேளையில் அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். எங்கள் அப்பா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் களிமண் மிதித்து, அச்சில் அடித்து என்னைப் படிக்க வைத்தவர். மணிமுத்தாற்று மணல் போன போக்கைக் கண்ணால் பார்த்தவர்.

“அவ்ளோ மணலும் அப்படியே கெடக்குதா?” என்றார்.

“ஆமாம்ப்பா.”

“லாரி ஒண்ணும் வரலியா?”

“இல்லப்பா, காப்பாத்துறாங்க. அது மேலதான் விளையாடுறாங்க.”

“இம்மாம் பெரிய எடத்துல அந்தத் துளியூண்டு பந்தைத் தேடுறதுக்கா ஆம்பளைங்க இத்தினி பேரு,” என்று பின்னாலிருந்து அம்மா சிரித்தார்.

எனக்குக் கிடைத்தது பதினேழாம் குழி. மொத்தம் பதினெட்டு. என் தலைமை மார்ஷல் மோய்ரா, ஓய்வுபெற்ற தபால்காரப் பெண்மணி. முதல் நாளே சொல்லிவிட்டார்: “பந்து உன் பக்கம் வந்தால் ஒதுங்கு. முடியாவிட்டால் மரம் மாதிரி நில். தொடவே கூடாது.” இரண்டாம் நாளான வெள்ளிக்கிழமை கழிவு நாள். அன்று ஆட்டம் முடியும்போது அதிக அடி எடுத்த ஏறக்குறைய பாதிப் பேர் வெளியே போய்விடுவார்கள், மீதிப் பேர்தான் சனி, ஞாயிறு ஆடலாம். மதியம் ஒரு நெட்டை இளைஞன் வந்தான். இவ்வளவு பெரிய போட்டி அவனுக்கு இதுதான் முதல் தடவை. அவனுடைய மட்டைப் பையைச் சுமந்து வந்தவள் அவன் அக்கா. “விளிம்பில் நிற்கிறான். இனி ஓர் அடி கூடினாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்,” என்றார் மோய்ரா.

அவன் அடித்த பந்து காற்றில் தள்ளுண்டு எங்கள் பக்கம் வந்தது. மேட்டில் குதித்து, கூட்டத்தைத் தடுத்துக் கட்டிய கயிற்றுக்கு அடியில் புகுந்து உருண்டு, என் வலது ஷூவில் இடித்து நின்றது. நீளப் புல்லின் நுனியில், கூட்டில் முட்டை போல உட்கார்ந்திருந்தது. நான் யோசிக்கவில்லை. குனிந்து விரல் நுனியால் பந்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

நம் ஊரில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பட்டறையில் அப்பாவின் கால் அச்சில் பட்டால் அப்படித்தான் செய்வார். எழுத்துக் கூட்டத் தெரியாத அம்மா, என் பாடப் புத்தகம் காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றி அலமாரியில் வைப்பார். மிக்சர் கட்டிவந்த காகிதத்துக்கும் அதே மரியாதைதான். ஆனால் என் விரல் பட்டதும் பந்து நழுவி, புல்லின் வேருக்குள் இறங்கிவிட்டது. நுனியில் இருந்த பந்தை யாரும் அடித்துவிடலாம், வேரில் கிடப்பதைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

கூட்டம் என்னையே பார்த்தது. நான் குனிந்ததைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். பந்து இறங்கியது எனக்கு மட்டும்தான் தெரியும். நடுவர் வண்டியில் வந்து இறங்கினார். நரைத்த மீசை, மெதுவான பேச்சு.

“தொட்டீர்களா?”

“தொட்டேன்.”

“எதற்கு?”

“மன்னிப்புக் கேட்க.”

“யாரிடம்?”

“பந்திடம்.”

கூட்டத்தில் ஒருவர், “அது என்ன சொல்லிச்சு?” என்று கேட்க, சிரிப்பு எழுந்தது. இன்னொருவர், “அவனுக்கு மந்திரம் போட்டு விட்டிருக்கிறாள்,” என்றார். நடுவர் சிரிக்கவில்லை. “பந்து நகர்ந்ததா?” என்று மட்டும் கேட்டார்.

நகரவில்லை என்று சொல்லியிருந்தால் கும்பிட்டது மட்டும் வேடிக்கையாகப் போயிருக்கும். நகர்ந்தது என்றால், சொன்ன ஒரே விதியை மீறியவள் ஆவேன், சட்டையைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லலாம். எங்கள் குடும்பத்திலேயே முதலில் பள்ளிக்கூடம் போன எனக்கு, ஆயிரம் பேர் முன்னால் வெளியேற்றப்படுவது என்பது சாதாரணமில்லை. அந்தப் பையனின் அக்கா பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“நகர்ந்தது,” என்றேன். “புல் நுனியில் இருந்தது. நான் தொட்டதும் கீழே போய்விட்டது.” எங்கே இருந்தது என்று விரலை நீட்டிக் காட்டினேன்.

நடுவர் தலையசைத்தார். “அங்கேயே திரும்ப வையுங்கள். அபராத அடி எதுவும் கிடையாது,” என்று அவனிடம் சொன்னார். அவ்வளவுதான். சாட்சி யார் என்று கேட்கவில்லை. நீ யார், எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. நான் ஷூவுக்குள் விரல்களை மடக்கிக்கொண்டு நின்றேன். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்க அப்பாவோடு அலைந்தது நினைவுக்கு வந்தது. “உங்க வூட்ல இதுக்கு முன்னாடி யாரும் படிக்கலங்கறதுக்கு என்ன ஆதாரம்?” என்று மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார். அப்பா மை படிந்த கட்டைவிரலைக் காட்டி, “இந்தக் கைநாட்டுதாங்க ஆதாரம்,” என்றார். அது போதவில்லை. இன்னும் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள்.

அவன் பந்தை நுனிப்புல்லில் வைத்தான். பிறகு அடித்தான். பந்து உயரே போய், காற்றில் ஒரு கணம் தயங்கி, குழிக்கு அருகில் மெத்தென்று இறங்கியது. ஆயிரம் பேரின் மூச்சு ஒன்றாக வெளியே வந்தது. தேர் நிலைக்கு வரும்போது நம் ஊரில் எழும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த மூச்சு அதற்குக் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பதினெட்டிலும் அடி கூடாமல் முடித்து, கடைசி வரிசையில் அவன் தப்பித்துக்கொண்டான்.

மோய்ரா என் சட்டையைக் கேட்கவில்லை. “நாளைக்கு உன் கால் பக்கம் பந்தே வராத இடமாகப் பார்க்கிறேன்,” என்றார்.

மறுநாள் காலை ஊருக்குப் பேசினேன்.

“கால் பட்டா கும்புடத்தானடி செய்யணும்? அதுல என்ன தப்பு?” என்றார் அம்மா.

“பந்து நவுந்துடுச்சும்மா. அதையும் சொல்லிட்டேன்.”

அப்பா போனை வாங்கினார். “நம்புனாங்களா?”

“நம்புனாங்கப்பா.”

“எதுனா எழுதி வாங்குனாங்களா?”

“ஒண்ணும் வாங்கல. நான் சொன்னதுதான்.”

பிறகு அம்மாவிடம் அவர் மெல்லச் சொன்னது கேட்டது: “நம்ம புள்ள சொன்னா போதுமாம்.”

சனிக்கிழமை எனக்குக் கிடைத்தது ஆட்டப் பாதையைக் கூட்டம் குறுக்கே கடக்கும் இடம். ஆட்டக்காரர்கள் இல்லாத நேரத்தில் நாங்கள் கயிற்றைத் திறந்துவிட, கடல் பக்கத்து ஜனம் ஊர்ப் பக்கமும் ஊர்ப் பக்கத்து ஜனம் கடல் பக்கமும் போகும். நான் நடுவில் நின்று வழிகாட்ட வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறவர்கள் என்னை உரசிக்கொண்டு போனார்கள், எல்லோருக்கும் போகுமிடம் இருந்தது. கடைசி ஆளும் கடந்த பிறகு பச்சைப் புல்லின் நடுவில் நான் மட்டும் நின்றேன். அடுத்த ஆட்டக்காரர் அடிக்கத் தயாராகிவிட்டார் என்றது வாக்கி டாக்கி. இந்தப் பக்கம் இருந்தவர்களும் கயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வா என்றார்கள், அந்தப் பக்கம் இருந்தவர்களும் வா என்றார்கள்.