மாதாவின் பக்கத்தில் ஓர் அட் காசு

என் மனைவியின் சங்கிலியில் மடுமாதா பதக்கத்தோடு ஒரு செம்புக் காசும் தொங்கியது. கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் அவளைப் பாங்கொக்கில் பதினொரு மாதம் காக்கவைத்தான். அங்கே அறை தந்த வீட்டுக்காரி துளையிட்டுக் கொடுத்த காசு அது. ஒரு பக்கத்தில் கோலும் கேடயமுமாக அமர்ந்திருக்கும் ஓர் உருவம். யாரோ புனிதை என்று மனைவி தானாகவே முடிவுசெய்து, மொன்றியலில் பதினைந்து வருடமாகச் செபமாலை முடிந்ததும் முத்தமிட்டு வந்தாள்.

ஓய்வு பெற்றபின் எனக்கு விசாரிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. 2005இல் சங்கிலி அறுந்து திருத்தக் கொண்டுபோன நாளில், பழைய நாணயம் விற்பவர் ஒருவரிடம் காசைக் காட்டினேன். ‘அட்’ என்றார். தாய்லாந்துக்குச் சியாம் என்று பெயர் இருந்த காலத்தில், தசமக் கணக்கு வருமுன் அங்கே புழங்கிய சில்லறை. ஒரு பாத் நாணயத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. ஒரு பக்கம் அரசர், மறுபக்கம் சியாமின் காவல் தெய்வம். துளை போட்டதால் விலை போகாதாம்.

வீட்டில் நான் சொல்லவில்லை. இப்படியான தகவலை வீணாக்கக்கூடாது. நல்லதொரு சண்டைக்கு உதவும் என்று வைத்திருந்தேன்.

சண்டைக்கு முன்னர் மனைவிக்குப் பித்தப்பையில் கல் வந்தது. இரண்டு தரம் அவசரப் பிரிவுக்கு ஓடினோம். மூன்றாம் தரம் வந்தால் பொறுப்பில்லை என்றார் வைத்தியர். சத்திரசிகிச்சை அன்று காலை, உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள் தாதி. மனைவி காதணியைக் கழற்றினாள், மாதாவையும் கழற்றினாள். காசை மட்டும் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள்.

“தாரும். இது ஒழுங்கு. படிவத்தில இருக்கு” என்றேன்.

“ஒழுங்கை நீங்களே வச்சிருங்கோ. என்னைக் கடல் தாண்டிக் கொண்டந்து விட்டவ இவதான். இவ இல்லாமல் நான் உள்ளுக்குப் போகேல்லை. வீட்டை போவம்.”

“கல்லோடயோ?”

“உங்களோட இவ்வளவு காலம் இருந்திட்டன். கல்லோட இருக்கேலாதோ?”

அது புனிதையே இல்லை என்று மூன்று மாதமாகச் சேர்த்துவைத்திருந்த வசனம் நாக்கு நுனிவரை வந்தது. அவள் பொத்திய கையை வாயருகே கொண்டுபோய் முத்தமிட்டாள். நான் தாதியிடம் திரும்பி, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் வழி கேட்டேன். மயக்கம் வரும்வரை சிறு பையில் போட்டுக் கையில் வைத்திருக்கலாம், பிறகு தாங்களே எடுத்து வைப்போம் என்றாள். மதப்பொருள் என்று கணவர் எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம்.

ஊரில் அரசாங்கக் கச்சேரியில் பன்னிரண்டு வருடம், இங்கே துறைமுகக் களஞ்சியத்தில் பதினெட்டு வருடம் படிவங்களோடு வாழ்ந்தவன் நான். ஒன்றிலும் பொய் எழுதியதில்லை. ‘புனிதப் பதக்கம், ஒன்று’ என்று எழுதினேன்.

“எந்தப் புனிதர்?” என்று தாதி பிரெஞ்சில் கேட்டாள்.

“பயணிகளின் பாதுகாவலி” என்றேன்.

கட்டில் நகரத் தொடங்கியது. அதைக் கேட்ட மனைவி தலையைத் திருப்பி என்னை முறைத்தாள்.

“இவ எந்தப் புனிதையெண்டு தெரிஞ்சுகொண்டே இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லாமல் இருந்தனீங்களோ?”

“பேந்து சொல்லுறன்” என்றேன். “போயிட்டு வாரும்.”