ஜிப் போட்ட துடுப்புகள்

பழைய பின்பால் மேசைகளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு வாய் நிற்காது. பொறியியல் ஆராய்ச்சி செய்யக் கடல் தாண்டி மொன்ட்ரியாலுக்கு வந்தவன் நியாயப்படி நூலகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கிரேக்கர் நடத்திய சிற்றுண்டிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே கழிப்பறைக் கதவை ஒட்டி ஒரு பழைய மேசை இருந்தது.

விளையாட்டு எளிது. சரிந்த பலகையில் எஃகுப் பந்து உருண்டு வரும். கீழே இரண்டு துடுப்புகள். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் துள்ளிப் பந்தை மேலே அனுப்பும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. அதில் விழுந்தால் பந்து போச்சு.

அந்த மேசையில் மட்டும் ஓர் அதிசயம். மேலே ஒரு குமிழைப் பந்து தட்டினால் துடுப்புகள் இரண்டும் பேன்ட் ஜிப் மாதிரி நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். இன்னொரு குமிழில் பட்டால்தான் விலகும். அறுபதுகளின் நடுவில் அமெரிக்காவில் யாரோ யோசித்துக் கண்டுபிடித்தது. சில மேசைகளில் வைத்துப் பார்த்தார்கள். எழுபதுகளின் கடைசியில் எலக்ட்ரானிக் மேசைகள் வந்தபோது இதைக் கிட்டத்தட்ட மறந்தே போனார்கள். கடைக்காரர்களுக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது. பந்து விழாவிட்டால் அவர்கள் கல்லாவில் காசு விழாதே.

என் தகுதித் தேர்வு முடிந்த மாலை அது. பிப்ரவரிக் குளிரில் விரல்கள் மரத்திருந்தன. தலையில் மங்கி குல்லா. புறப்படும்போது விமான நிலையத்தில் அப்பா கொடுத்தது. பழுப்பு நிறம், கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும். பல்கலைக்கழகத்துக்குப் போட்டுக்கொண்டு போக வெட்கம். இந்தக் கடைக்கு அது போதும்.

துடுப்புகள் ஒட்டிய நேரம் பார்த்து என் அறைத்தோழன் உள்ளே வந்தான். சென்னையில் எனக்குப் பக்கத்துத் தெரு. இந்தக் கடைக்குள் அவன் அதுவரை கால் வைத்ததில்லை. இரண்டு வாரமாகவே ஆள் சரியில்லை; கிண்டல் கிடையாது, தினமும் ரசம், என் தட்டையும் அவனே கழுவினான். என் மூளையின் அருமை ஒருவழியாகப் புரிந்துவிட்டது போலும் என்று நினைத்திருந்தேன்.

"எழுதிட்டியா?"

"கிழிச்சிட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. "உங்கப்பா போயிட்டார்டா. ரெண்டு வாரம் ஆச்சு. பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லுன்னு உங்க அம்மா சொல்லிட்டாங்க. தம்பிதான் கொள்ளி வெச்சான்."

எங்கள் வீடுகளில் சாவுகூடப் பரீட்சை முடியும்வரை வெளியே காத்திருக்கும். அந்த இரண்டு வாரமும் பிள்ளை எந்த மேசையில் படித்துக்கொண்டிருந்தான் என்பது பாவம், அவர்களுக்குத் தெரியாது.

பந்து உருண்டு வந்து துடுப்புகள் சேர்ந்த குழியில் உட்கார்ந்தது.

"வா, போலாம். காரியமெல்லாம் அங்கேயே முடிஞ்சாச்சு. கேட்டவுடனே கட்டின துணியோட தலைக்கு ஊத்திக்கணும், அவ்வளவுதான்."

"பந்து இருக்கு."

"சரி, அது விழட்டும்."

"விழாதுடா."

"ஏன்?"

சொல்லத் தொடங்கினேன். பலகைக்கு அடியில் இருக்கும் மின்காந்தம், அது இழுக்கும் கம்பி, துடுப்புகளின் அச்சு எப்படி நகர்கிறது, எல்லாம். தேர்வில் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்க மாட்டேன். அழுகை வரவில்லை, எதுவுமே வரவில்லை. பந்து அங்கே இருக்கும்வரை ஆட்டம் முடியாது; ஆட்டம் முடியாமல் நான் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை; போய்க் குளிக்காதவரை அப்பா சாகவில்லை. என் கணக்கு அப்படி.

அவன் கடைசிவரை கேட்டான். "அப்புறம்?" என்றும் கேட்டான். என் பேச்சு இரண்டு வாக்கியம் தாண்டினாலே கொட்டாவி விடுகிறவன். அந்த "அப்புறம்"தான் எனக்குப் பொறுக்கவில்லை. பொத்தான்களிலிருந்து கையை எடுத்தேன்.

வாசலுக்கு வந்ததும் கிரேக்கர் கூப்பிட்டு, பந்து இன்னும் இருக்கிறதென்று கையைக் காட்டினார். என் தோழன் தனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வார்த்தையில் நன்றி சொன்னான்: "மெர்சி."

வீட்டில் ஷவரைத் திறந்து அடியில் நின்றேன். சுடுகிறதா குளிர்கிறதா என்று தெரியவில்லை. அவன் கதவைத் திறந்து துண்டை நீட்டினான். நீட்டியபடியே நின்றான்.

"என்னடா இது, கோட்டோடவா?"

"கட்டின துணின்னு சொன்னியே."

"பூட்ஸ்?"

"அதுவும்தான்."

"உனக்குத்தானா நாங்க இவ்வளவு பயந்து பயந்து மறைச்சோம்? எருமை. உன்னை நம்பி எவன்டா பாலம் கட்டுவான்?"

இரண்டு வாரத்தில் அவன் முதல்முறையாக என்னைத் திட்டினான். இனி மறைக்க அவனிடம் ஒன்றும் இல்லை. தண்ணீர் ஏறிக் கோட்டு கனத்தது. நான் குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்தேன்.

"குல்லாவையாவது கழட்டு. சாயம் போகுது பார்."

பார்த்தேன். தண்ணீர் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. கழற்றவில்லை.