பதினோரு எல்போ

என் தங்கையை வேலை இடத்தில் எல்லோரும் ‘மீட்டரம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீடுகளுக்குக் குழாயில் வரும் கேஸுக்கு எந்த அளவு பைப் வேண்டும் என்று கணக்குப் பார்த்துப் படம் வரைவாள். வேலை முடிந்ததும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவாள். நான் எட்டாவதோடு நின்றவன். அவள் வரைந்ததைச் சுவரில் பொருத்துகிறவன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துக்கு மதிப்பு வந்த முதல் ஆள் அவள். டீக்கடையில் கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் உள்ள அடுப்பு, வாட்டர் ஹீட்டர், துணி உலர்த்தும் மெஷின் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் எவ்வளவு கேஸ் போகும் என்று முதலில் கூட்டுவாள். மீட்டரிலிருந்து ஆகத் தூரத்தில் இருப்பது வரை நீளம் அளப்பாள். பைப் திரும்பும் ஒவ்வொரு எல்போவுக்கும் இரண்டடி கூடச் சேர்ப்பாள்.

“திரும்பினா கேஸுக்குக் கால் வலிக்குமா?” என்று ஒருமுறை கேலி செய்தேன்.

“மூச்சு வாங்கும். நீ மாடி ஏறுற மாதிரி” என்றாள்.

ஒரு டீச்சர் வீட்டுக்கு, சமையலறை வழியாகப் பின்கட்டு வரை ஒரு இன்ச் பைப், நான்கு எல்போ என்று வரைந்திருந்தாள். ஒரு இன்ச் பைப் அலமாரிக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. ஆணி அடிக்கக்கூட மட்டம் பார்க்கிறவன் நான், பொறுக்கவில்லை. முக்கால் இன்ச் எடுத்தேன். அலமாரிக்குப் பின்னால், உத்தரத்துக்கு மேலே, கதவு நிலையை ஒட்டி என்று ஒளித்து ஒளித்துக் கொண்டுபோனேன். பதினோரு எல்போ ஆயிற்று. கசிவுச் சோதனையில் அழுத்தம் காட்டும் முள் அசையவில்லை. டீச்சர், “பைப் எங்க இருக்குன்னே தெரியலையே” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கையெழுத்துப் போட வந்த தங்கை, “எல்லாம் படத்துல இருக்கிற மாதிரிதானே, அண்ணா?” என்றாள்.

“இது என்ன கேள்வி?” என்றேன்.

மற்றவர்கள் வேலையை டார்ச் அடித்துப் பார்ப்பவள், அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டாள்.

மறுவாரம் கேஸ் அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். அடுப்பு, வாட்டர் ஹீட்டர், துணி மெஷின் மூன்றையும் ஒன்றாக ஓடவிட்டார். பின்கட்டில் வாட்டர் ஹீட்டரின் சுடர் பாதியாகக் குறுகியது.

“பைப்பைக் காணோம், சரி. கேஸையும் காணோமே. யார் பொறுப்பு?”

நான் குனிந்து பையில் ஸ்பேனரைத் தேடினேன். அலமாரிப் பக்கம் மண்டியிட்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்த தங்கை எழுந்தாள்.

“என் கையெழுத்துதான் சார்.”

ஆறு மாதம் அவள் கையெழுத்துப் போடக் கூடாது என்று உத்தரவாயிற்று. திரும்பும் வழியில் என் வண்டியின் பின்சீட்டிலிருந்து ஒரே ஒரு சொல்தான் சொன்னாள்: “பதினொண்ணு.”

வீட்டில் அம்மா விசாரித்தபோது, “பிசகிடுச்சும்மா” என்றாள்.

“கூட்டல் கழித்தல் தெரியாமலா இத்தனை வருஷம் படிச்சே?” என்றாள் அம்மா. நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் நாள்தான் ஆய்வாளரிடம் போனேன். “பைப்பை மாத்தினது நான் சார்.”

“தெரியும். படத்துல ஒரு இன்ச், சுவத்துல முக்கால். எனக்கும் கண்ணு இருக்கு. அவங்களையே கேட்டேன், ஏன் பாக்காம கையெழுத்துப் போட்டீங்கன்னு. ‘அண்ணன் வேலை சார்’னாங்க.” கோப்பை மூடினார். “உத்தரவு மாறாது.”

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. தங்கையிடம், “நீயாவது சொல்லக் கூடாதா?” என்று மட்டும் கேட்டாள். டீச்சர் வீட்டில் பைப்பைக் கழற்றி, ஒரு இன்ச் போட்டேன். அலமாரிக்கு வெளியே அது பளிச்சென்று தெரிந்தது.

ஆறு மாதம் கழித்து, முதல் வீட்டில், தங்கை கையெழுத்துப் போடுமுன் டார்ச்சை என்னிடம் நீட்டினாள். என் பைப்பின் கூடவே நடந்தாள். ஒவ்வொரு எல்போவையும் விரலால் தொட்டு எண்ணினாள். கூட வேலை செய்பவர் ஒருவர், “என்ன மீட்டரம்மா, அண்ணனையே சோதிக்கிறீங்க?” என்று சிரித்தார். என் காது சுட்டது.

அவள் நிறுத்தவில்லை. “மூணு… நாலு… டார்ச்சைக் கொஞ்சம் கீழ பிடி, அண்ணா.”

பிடித்தேன்.