கூட்டுப் புருவம்

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து இர்விங்கில் எனக்கு ஒருமுறை முடி வெட்டியவர், ஜெர்மனியில் பிறந்த பெரியவர். ஆறடி உயரம், முழுச் சொட்டை. கண்ணாடியில் தெரியும் முகத்திடம்தான் பேசினார்.

அன்று மதியம் எனக்கு இன்டர்வியூ. “அந்தப் புருவத்த நடுவுல கொஞ்சம் எடுத்துட்டு வாங்க, கோவக்காரர் மாதிரியே இருக்கு” என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

அதை நான் சொன்னதும் பெரியவர் ஆங்கிலத்தில் சொன்னார்: “அந்தக் காலத்தில் எங்கள் பக்கம், புருவம் சேர்ந்திருந்தால் ஓநாயாக மாறுகிறவன் என்று பயப்படுவார்கள்.”

எனக்குச் சுருக்கென்றது. “அடித்துக் கொன்றுவிடுவார்களா?”

“அதுவும் நடந்திருக்கிறது. ஆனால் அவனுக்கு வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மனிதனாகிவிடுவான் என்றும் நம்பினார்கள். உங்கள் பெயர்?”

“சாம்.”

“வீட்டில் வைத்தது?”

“சண்முகசுந்தரம்.”

கத்தரியை வைத்துவிட்டு முன்னால் வந்தார். என் முகத்தையே பார்த்து, தடுக்கித் தடுக்கி, “சண்…முக…சுந்தரம்” என்று முடித்தார்.

ஆபீஸில் ஒருவர்கூட அதை முழுதாகச் சொன்னதில்லை. மனசு லேசாகிவிட்டது. புருவத்தை அப்படியே விடச் சொன்னேன். மதியம் இன்டர்வியூவில் பெயர் கேட்டார்கள். நிதானமாக, முழுதாகச் சொன்னேன்.