காகம் இறங்காத பத்தாம் நாள்

புனேயில் ஆற்றங்கரைப் படித்துறையில் நிற்கிறோம். என் தங்கை மாலதியின் மராத்திக் கணவருக்கு இன்று பத்தாம் நாள் காரியம். பிண்டத்தைக் காகம் தொடாவிட்டால் இறந்தவருக்கு ஏதோ ஆசை பாக்கி, நிம்மதியாக மறுபிறவிக்குப் போகமாட்டார் என்கிறார்கள் இங்கே. ஒரு மணி நேரமாக ஒரு காகமும் மரத்தைவிட்டு இறங்கவில்லை.

“நர்ஸ் வேலையை விட்டுடறேன்னு சொல்லும்மா. அதுதான் அவன் ஆசை” என்று மராத்தியில் மாலதியிடம் கெஞ்சுகிறார் அவள் மாமியார்.

“சும்மா ஒரு வார்த்தை சொல்லிடேன்டி” என்கிறேன் நானும்.

“அவர் உயிரோட இருந்தப்பவே முடியாதுன்னு சொன்னவ நான். இப்ப பொய் சொல்லணுமாக்கா?”

காகம் வராததால் புரோகிதர் தர்ப்பைப் புல்லில் ஒரு காகம் முடிகிறார். அதை வெடுக்கென்று வாங்கி, மாலதியே பிண்டத்தைத் தொடவைக்கிறாள்.

“போயிட்டு வாங்க. அடுத்த பிறவியிலயும் நான் வேலைக்குப் போவேன்.”